மாமா வீடு: இப்பவே செட்டில்மெண்டா, உயிலா?

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் தாய்மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டை எனக்கே தருவதாகச் சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு யோசனை. வாரிசு வரி 1985-லேயே போய்விட்டது, நன்கொடை வரியும் 1998-ல் போச்சு, பிறகு என்ன என்றார் சித்தப்பா. பாதி சரி. இப்போது வாங்குகிறவர் தலையில் வருமான வரி இருக்கிறது: சொந்தம் அல்லாதவர் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் முழுத் தொகையும் வருமானம்.

செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே பத்திரம் போட்டு எழுதிக் கொடுப்பது) என்றால் ஒரே ஆளை இரண்டு அலுவலகம் இரண்டு விதமான உறவாகப் பார்க்கும். வருமான வரிக்கு, தாய்மாமா எனக்குச் சொந்தம், வரி இல்லை. பத்திரப்பதிவுக்கோ அக்கா மகன் குடும்பமே கிடையாது! மகனுக்கோ மகளுக்கோ எழுதினால் 1% முத்திரைத் தீர்வை, அதுவும் 40,000-க்கு மேல் போகாது. எனக்கு 7%, பதிவுக்கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த விலை) 40 லட்சம் என்று வையுங்கள், 3.60 லட்சம் போய்விடும்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை, பதிவு செய்தால் சின்னக் கட்டணம் மட்டும்தான். ஆனால் மாமா மனசு மாறினால் அவ்வளவுதான், நாளைக்கே வேறு உயில் எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, கொடுத்தது கொடுத்ததுதான். அது எனக்கு நல்லது, மாமாவுக்கு நல்லதா? பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதினால், நான் கைவிட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி அவர் திரும்பக் கேட்கலாம். எப்படிப் பார்த்தாலும் என் ஓட்டு பதிவு செய்த உயிலுக்குத்தான். இரண்டு சாட்சிகளும் மாமாவைவிட வயதில் சின்னவர்களாக இருக்கட்டும்.

ஒரு வேடிக்கை: நான் மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 5 லட்சம் கொடுத்தால் அவருக்கு வரி வரும், ஏனென்றால் வாங்குகிறவர் பக்கம் நின்றுதான் சட்டம் உறவு பார்க்கிறது, அந்தப் பட்டியலில் அக்கா மகன் இல்லை. (கல்யாண மொய்க்கு மட்டும் யார் எழுதினாலும் மாப்பிள்ளை பொண்ணுக்கு வரி கிடையாது.)

இதைவிடச் சிக்கல் பெரியப்பா மகன். வாய் நிறைய அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம், சட்டத்துக்கு அவர் வெளியாள். வள்ளியூரில் இருக்கும் மனையை அவர் எனக்குச் சும்மா எழுதினால் அதே 9% போக, மனையின் மதிப்பு முழுவதும் என் வருமானத்தில் சேரும். அதற்கு வழிகாட்டி மதிப்புக்கே கிரயம் பேசி வாங்கிவிடலாம், பதிவுச் செலவு அதேதான், எனக்கு அந்த வரி இல்லை. லாபத்துக்கு வரி கட்ட வேண்டியது அண்ணன்தான், அவர் சம்மதிக்கணும்.