அகன்ற முதுகுக் குதிரைக்கு ஒரு வெஸ்டர்ன் சேணம்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிஸ்கட் என்னிடம் வந்தபோது அவனுக்கு 9 வயது. 15 கை (ஒரு கை என்பது நான்கு அங்குலம்) உயரமும் ஏறக்குறைய 1,150 பவுண்டு எடையும் கொண்ட, செம்பழுப்பு நிறக் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மற்றக் குதிரைகளுக்கு எழும்பி நிற்கும் மேட்டை இங்கே டெக்சாஸில் விதர்ஸ் என்கிறார்கள். பிஸ்கட்டுக்கு அந்த மேடு கண்ணுக்குத் தெரியாது; உள்ளங்கையை வைத்துத் தடவினால்தான் தட்டுப்படும். பின்னாலிருந்து பார்த்தால் முதுகு கூரை போல இருபுறமும் சரியாமல் திண்ணை போலப் பரந்து, முதுகெலும்பு ஓடும் இடம் மட்டும் சிறு வாய்க்காலாகக் குழிந்திருக்கும். இத்தகைய முதுகை ஆட்டின் முதுகுக்கு ஒப்பிட்டு மட்டன் விதர்ஸ் என்று சொல்வது இங்குள்ள வழக்கம்.

சேணத்துக்குப் பஞ்சமில்லாத மாநிலம் இது. தெற்கே யோகம் என்னும் சிற்றூர் தன்னை உலகின் தோல் தலைநகர் என்றே அழைத்துக்கொள்கிறது; 1960இல் தொடங்கப்பட்ட சர்க்கிள் ஒய் சேணங்கள் அந்த ஊரிலிருந்துதான் வருகின்றன. அப்படியிருந்தும், இரண்டு முறை தவறாக வாங்கி நான்கு ஆண்டு அலைந்த பிறகுதான் பிஸ்கட்டின் முதுகில் நிலையாக அமரும் சேணம் எனக்குக் கிடைத்தது. அதை எட்டு மாதமாகப் பயன்படுத்திவருகிறேன். அந்தச் சேணத்தையும், வாங்குவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்க விட்ட கடையின் சேவையையும் பற்றி எழுதுகிறேன். அவற்றின் அருமை புரிய வேண்டுமானால் முதல் இரண்டு சேணங்களில் என்ன கோளாறு என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பழைய சேணம். கல்லெட் (சேணத்தின் முன்பக்க இடைவெளி) 6.5 அங்குலம், செமி குவார்ட்டர் ஹார்ஸ் பார் (அடிப்பலகைகளின் அகல வகை) என்று விற்றவர் குறிப்பிட்டிருந்தார். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற பெயரே அதில் இருந்ததால் பொருந்திவிடும் என்று நம்பி 900 டாலர் கொடுத்தேன். முதல் வாரமே, வயிற்று வாரை இறுக்கும்போது பிஸ்கட் காதுகளைப் பின்னால் மடக்கி என் கையை நோக்கித் தலையைத் திருப்பினான். அதற்கு முன் அவன் அப்படிச் செய்ததே இல்லை. ஒரு மணி நேரச் சவாரிக்குப் பிறகு சேணத்தைக் கழற்றினால், முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்து கருத்திருக்க, இரண்டு தோள்பட்டைகளுக்கும் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வோர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அழுத்தம் மிகுந்த இடத்தில் வியர்வை சுரப்பதில்லை என்பதை அன்று நான் அறியவில்லை. அடுத்த பருவத்தில் பழைய மயிர் உதிர்ந்து புதியது முளைத்தபோது அதே இரண்டு இடங்களிலும் வெள்ளை மயிர் வந்தது. இன்றும் தேய்த்துவிடும்போதெல்லாம் அந்த வெள்ளைத் திட்டுகள் என் கைக்கடியில் வருகின்றன. அவை என் அறியாமையால் அவனுக்கு வந்தவை.

இரண்டாவது, ஃபுல் குவார்ட்டர் ஹார்ஸ் பார் கொண்ட புதிய சேணம். தோள்பட்டை அழுத்தம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் சேணத்தின் அடிப்பகுதி பிஸ்கட்டின் நேரான முதுகுக்கு மிஞ்சிய வளைவோடு இருந்ததால், நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு முன்னும் பின்னும் தொட்டில் போல ஆடியது. தரையிலிருந்து அங்கவடியில் காலை வைத்து ஏறினாலே இடப்பக்கம் சாய்ந்துவிடும். கூடுதல் தடிமனான கம்பளி விரிப்பை அடியில் போட்டுப் பார்த்தேன். விரிப்பு தடிக்கத் தடிக்கச் சேணம் முதுகிலிருந்து விலகி மேலே உயர்ந்ததே தவிரப் பிடிமானம் கூடவில்லை. முன்னிலும் எளிதாக உருண்டது. பிறகு வாரை இன்னும் இன்னும் இறுக்கினேன். முழங்கைக்குப் பின்னால் தோல் உரிந்து புண்ணாயிற்று. ஒருநாள் மேட்டுச் சரிவில் இறங்கும்போது சேணம் என் எடையோடு சேர்ந்து வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. வேறொரு குதிரையாக இருந்தால் மிரண்டு ஓடியிருக்கும். பிஸ்கட் நான்கு கால்களையும் ஊன்றி, நான் வாரை அவிழ்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றான். அந்தச் சேணத்தை அதன் பிறகு அவன் முதுகில் வைக்கவில்லை.

இரண்டு முறையும் நான் பார்த்தது கல்லெட் அளவு ஒன்றை மட்டுமே. வெஸ்டர்ன் சேணத்தின் எலும்புக்கூடு, தோலுக்கு உள்ளே மறைந்திருக்கும் ட்ரீ என்னும் சட்டம். பெரும்பாலும் மரத்தால் செய்து, பச்சைத்தோலையோ கண்ணாடியிழையையோ அதன்மேல் போர்த்தியிருப்பார்கள். முதுகெலும்பின் இருபுறமும் நீளவாக்கில் கிடக்கும் பார் என்னும் இரண்டு பலகைகள்தாம் சவாரி செய்பவரின் எடையைத் தாங்கிக் குதிரையின் முதுகில் பரப்புகின்றன. முன்பக்கத்தில் அவற்றுக்கு இடையே இருக்கும் இடைவெளியே கல்லெட். இந்த இடைவெளியை ஒரு பட்டறை ஓரிடத்தில் அளக்கும், இன்னொரு பட்டறை வேறோரிடத்தில் அளக்கும். தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுமுறை கிடையாது. செமி, ஃபுல் என்ற பெயர்களும் அப்படித்தான். ஒருவரின் செமி இன்னொருவரின் ஃபுல் அளவுக்கு அகன்றிருக்கலாம்.

அளவு ஒன்றாகவே இருந்தாலும் பார் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். உயர்ந்த விதர்ஸ் உள்ள குதிரைக்குச் செங்குத்தாகச் சாய்ந்த பார் சரியாக அமரும். அதே பாரைப் பிஸ்கட் போன்ற தட்டையான முதுகில் வைத்தால் பலகையின் கீழ்விளிம்பு மட்டும் தசையில் குத்தி நிற்கும், மேல்பகுதி தொடாது. என் முதல் சேணத்தில் நடந்தது இதுதான். அடுத்து, பாரின் அடிப்பகுதி முன்னிருந்து பின்னாக எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. இதை ராக் என்பார்கள். பள்ளமான முதுகுக்கு வளைவு வேண்டும், நேரான முதுகுக்கு வளைவு குறைந்த பார் வேண்டும். இரண்டாவது சேணம் தோற்றது இங்கே. பாரின் முன்முனை வெளிப்பக்கமாக விரிந்திருக்கவும் வேண்டும், ஏனெனில் குதிரை முன்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழன்று சேணத்துக்கு அடியில் வரும். அதற்கு இடம் இல்லையென்றால் குதிரை எட்டு வைக்கும் நீளத்தைக் குறைத்துக்கொள்ளும்.

குவார்ட்டர் ஹார்ஸ் என்ற பெயரை நம்பியது ஏன் பிழை என்பதும் பிறகுதான் விளங்கியது. கால் மைல் ஓட்டப் பந்தயத்தால் பெயர் பெற்ற இந்த இனத்துக்கு 1940இல் ஃபோர்ட் வொர்த்தில் சங்கம் அமைத்தார்கள். தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தின் கலப்பும் அந்தச் சங்கத்தின் பதிவேட்டுக்குள் அனுமதிக்கப்படுவதால், ஒல்லியான, விதர்ஸ் உயர்ந்த ஓட்டக் குதிரையும் பிஸ்கட்டைப் போன்ற பீப்பாய் உடம்புக்காரனும் ஒரே இனப் பெயரில் நிற்கிறார்கள். இனத்தின் பெயரைப் பார்த்துச் சேணத்தின் அளவைச் சொல்ல முடியாது.

மூன்றாவது சேணத்தைத் தேடுமுன் கால்நடை மருத்துவரிடம் போனேன். கொழுப்பால் வந்த அகலமா, எலும்பால் வந்த அகலமா என்று முதலில் தெரிந்துகொள் என்றார் அவர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னகி உருவாக்கி 1983இல் வெளியான 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண் முறையைத்தான் இங்கே பின்பற்றுகிறார்கள். 5 என்பது நடுநிலை. விலா, தோள், வாலடி, கழுத்துமேடு எல்லாவற்றையும் கையால் அழுத்திப் பார்த்துப் பிஸ்கட்டுக்கு 6 கொடுத்தார். கொஞ்சம் சதை குறைந்தாலும் இந்த முதுகு இப்படியேதான் இருக்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் அகன்ற சேணத்தில் துணிந்து பணம் போட முடிந்தது.

இனிக் கடையைப் பற்றி. அவர்கள் முதலில் கேட்டது படம். நேர்ப்பக்கவாட்டில் ஒன்று, பின்னால் உயரமான இடத்தில் நின்று எடுத்தது ஒன்று. பிறகு முதுகின் வடிவத்தை வரைந்து அனுப்பச் சொன்னார்கள். வரைபடக் கலைஞர்கள் பயன்படுத்தும், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ரப்பர் அளவுகோலைத் தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி முதுகின் குறுக்கே அழுத்தி, அப்படியே எடுத்துத் தாளில் வைத்துக் கோடு போட வேண்டும். அதேபோல் நடு முதுகில் ஒன்று, கடைசி விலாவுக்கு நேரே ஒன்று. பிஸ்கட்டின் முதல் கோட்டைத் தாளில் பார்த்தபோது, கவிழ்த்து வைத்த பெரிய சட்டியின் அடிப்பாகம் போல இருந்தது. இரண்டு ஆண்டுகள் அந்த முதுகின்மேல் கூம்பு வடிவத்தை வைத்து இறுக்கியிருக்கிறேன் என்பது அந்தத் தாளில் ஒரே பார்வையில் தெரிந்தது.

மூன்று நாளில் பதில் வந்தது. தங்களிடம் உள்ள இரண்டு சேணங்கள் பொருந்தக்கூடும், இரண்டையும் அனுப்புகிறோம், 7 நாள் வைத்துப் பாருங்கள் என்றார்கள். முழு விலையையும் என் கடன் அட்டையில் நிறுத்தி வைத்தார்கள். திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது, அதற்கு 68 டாலர் ஆனது. அங்கவடித் தோலில் தேய்மானம் விழாமலிருக்கத் துணி சுற்றியே ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இது நியாயமான நிபந்தனை என்றே கருதுகிறேன்.

சோதிக்கும் முறையைத் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். விரிப்பு இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தைச் சற்று முன்தள்ளி வைத்து, தானாக நிற்கும் இடம்வரை பின்னால் இழுக்க வேண்டும். பாருக்கும் தோளுக்கும் இடையில் கையைத் தட்டையாக நுழைத்து மேலிருந்து கீழே கொண்டுவரும்போது அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய இரண்டில் முதலாவதில் என் விரல்கள் பாதி வழியில் நெரிந்தன. அன்றே அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன். இரண்டாவதில் கை ஒரே சீராக இறங்கியது. இன்னொருவர் பிஸ்கட்டின் முன்காலை முழங்காலில் பிடித்து முன்னே நீட்டியபோது தோள்பட்டை என் கையின் மேல் உருண்டு வந்தது, ஆனால் கை நசுங்கவில்லை. எடையைத் தாங்கும் பகுதி 18ஆவது விலாவைத் தாண்டாமல் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

இதைத்தான் 2,850 டாலருக்கு வாங்கினேன். எடை 31 பவுண்டு. மரச்சட்டத்தின்மேல் பச்சைத்தோல் போர்த்தியது. கல்லெட் அளவு என்று கேட்டால் 7 அங்குலம்தான், முன்பு நான் வாங்கி ஒதுக்கிய இரண்டாவது சேணத்துக்கும் அதே 7 அங்குலம். வேறுபாடு முழுவதும் கோணத்திலும் குறைந்த வளைவிலும் இருக்கிறது. வாரைப் பிணைக்கும் வளையம் எட்டில் ஏழு என்று சொல்லப்படும் இடத்தில், அதாவது சேணத்தின் முன்பக்கம் நீட்டி நிற்கும் கொம்புக்கு நேர்கீழே இல்லாமல் சற்றுப் பின்னால் அமைந்திருக்கிறது. உருண்ட உடம்புக் குதிரைகளுக்கு இது முக்கியம். வயிற்றின் குறுகிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வார் நகர்ந்து போய் நிற்கும். வளையம் அதற்கு நேர்மேலே இல்லாவிட்டால் நடக்க நடக்கச் சேணத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இப்போது வார் முழங்கைக்கு நான்கு விரல் பின்னால் நேராகத் தொங்குகிறது. பழைய புண் ஆறி மயிர் மூடிவிட்டது.

குறைகளும் உண்டு. சட்டம் அகன்றிருப்பதால் அமரும் இடமும் அகன்றிருக்கிறது. இடுப்பு குறுகியவர்களுக்கு முதல் சில வாரங்கள் தொடையின் உட்புறம் வலிக்கும், எனக்கு ஒரு மாதம் வலித்தது. அங்கவடித் தோல் மிக விறைப்பாக வந்தது. எண்ணெய் தடவி, அங்கவடியை முன்பக்கம் திருப்பி அதன் வழியே ஒரு கழியைச் செருகி இரவுகளில் விட்டு வைத்த பிறகுதான் பாதம் இயல்பாகப் பொருந்தியது. பின்வாரையும், அதை முன்வாரோடு இணைக்கும் சிறு பட்டையையும் தனியே வாங்க வேண்டியிருந்தது. அந்த இணைப்புப் பட்டை இல்லாமல் பின்வாரைக் கட்டவே கூடாது. அது பின்னால் நழுவி அடிவயிற்றில் பட்டால் எந்தக் குதிரையும் துள்ளும். இந்த விலைக்கு அதைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம். கடையின் தொலைபேசியை இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கயிறு வீசி மாடு பிடிப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றி மாட்டின் எடையை இழுக்கும்போது வட்டமான முதுகில் எந்தச் சேணமும் ஓரளவு திரும்பப் பார்க்கும். அதற்கென்றே கனமாகச் செய்த சேணங்களைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். நான் செய்வது காட்டுப் பாதைச் சவாரியும் அவ்வப்போது வேலிகளைச் சுற்றிவருவதும் மட்டுமே. ஏறுவதற்கு எப்போதும் மரப்படியைப் பயன்படுத்துகிறேன். தரையிலிருந்து ஏறினால் நல்ல சேணமும் முறுக்கப்படும். பிஸ்கட்டின் முதுகுக்கும் அது நல்லதல்ல.

எட்டு மாதத்தில் கண்டவை: முக்கால் அங்குலக் கம்பளி விரிப்பு ஒன்றே போதுமாக இருக்கிறது. வாருக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கே கட்டுகிறேன், ஆறு மைல் போய் வந்தாலும் சேணம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. வியர்வைத் தடம் முதுகெலும்பு வாய்க்காலைத் தவிர இருபுறமும் ஒரே சீராக, கொஞ்சமும் உலர்ந்த திட்டு இல்லாமல் விழுகிறது. சரிவில் இறங்கும்போது தலையை உயர்த்தி முதுகைக் குழித்துக்கொள்ளும் பழக்கம் மூன்றாவது மாதத்தில் நின்றுபோனது. வாரை எடுத்துக்கொண்டு போனால் காதை மடக்குவதில்லை. தலையைத் தாழ்த்தி என் சட்டைப் பையை முகர்கிறான்.

ஏப்ரலில் புல் தழைத்து அவன் எடை கூடும்போது மீண்டும் மூன்று இடங்களிலும் கோடு போட்டுப் பழைய தாளின்மேல் வைத்துப் பார்ப்பேன். அந்தத் தாள் சேண அறையின் கதவுக்குப் பின்னால், தேதியோடு ஒட்டப்பட்டிருக்கிறது.