ஒரே நாளில் இருமுறை கடைக்குப் போனதற்கு 100 பவுண்: தனியார் தரிப்பிட நிறுவனங்களின் கமராக் கணக்கு பற்றி ஓர் எச்சரிக்கை

பிரித்தானியாவில் கார் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாக ஓய்வுபெற்ற பெற்றோரின் பெயரில் கார் பதிவாகியிருக்கும் வீடுகள், இதை வாசித்துவிட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அண்மையில் ஒரு தனியார் வாகனத் தரிப்பிட நிறுவனம், நடக்காத ஒன்றுக்காக என் அப்பாவிடம் 100 பவுண் கேட்டது. அது நடக்கவில்லை என்பதைக் காட்டும் படம் முதல் நாளிலிருந்தே அந்த நிறுவனத்தின் கணினியில் இருந்தது. அதைப் பார்க்காமலே கடிதம் அனுப்பினார்கள். நாங்கள் சான்றுகளோடு எழுதிய பிறகும் பார்க்காமலே மறுத்தார்கள்.

நடந்தது மிக எளிமையானது. லண்டனின் புறநகரில் உள்ள ஒரு கடைத்தொகுதியில் மூன்று மணி நேரம் இலவசமாகக் காரை நிறுத்தலாம். அப்பாவும் அம்மாவும் காலையில் அங்கே மரக்கறியும் மளிகைச் சாமான்களும் வாங்கிக்கொண்டு மதியத்துக்கு முன்பே வீடு திரும்பிவிட்டார்கள். பின்னேரம் அதே தொகுதியில் உள்ள மருந்தகத்திலிருந்து அம்மாவின் மருந்து தயாராகிவிட்டது என்று செய்தி வந்ததால், அப்பா மறுபடியும் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு வாரங்களுக்குள் கடிதம் வந்தது. அதில் இரண்டு படங்கள்: காலை 10:12க்குக் கார் உள்ளே நுழைவது, மாலை 5:48க்கு வெளியேறுவது. எனவே கார் 7 மணி 36 நிமிடம் அங்கேயே நின்றது என்றும், அதற்கு 100 பவுண் செலுத்த வேண்டும் என்றும், 14 நாட்களுக்குள் செலுத்தினால் 60 பவுண் போதும் என்றும் எழுதியிருந்தது.

இலக்கத்தகட்டைத் தானாகப் படிக்கும் கமராக்கள் காரைத் தரிப்பிடத்துக்குள் கண்காணிப்பதில்லை. வாசலில் நுழையும்போது ஒரு படம், வெளியேறும்போது ஒரு படம், அவ்வளவுதான். முன்னால் போகும் வாகனத்துக்கு மிக அருகில் நம் கார் ஊர்ந்தாலோ, பக்கத்தில் ஒரு பாரவூர்தி மறைத்தாலோ, மழையும் வெயிலும் தகட்டில் பட்டுக் கூசினாலோ ஒரு படம் தவறிப்போகும். காலையில் வெளியேறிய படம் தவறினால், கணினி முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் ஒரே வருகையாகச் சேர்த்துவிடும். இது இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் நெடுங்காலமாக அறிந்த குறை. ஆகவேதான் கடிதம் போகும் முன் ஒரு மனிதர் பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ஒழுங்காக நடந்திருந்தால் எங்களுக்குக் கடிதமே வந்திருக்காது.

என்னை அதிகம் வருத்தியது பணம் அல்ல. கடிதத்தைக் கண்டதும் அப்பா, "எதுக்கம்மா பிரச்சினை, அறுபது பவுணைக் கட்டிவிடுவம்" என்றார். கறுப்பு, மஞ்சள் கோடுகளும் பெரிய எழுத்துகளும் கொண்ட அந்தத் தாளைப் பார்க்கிற எவரும் அதைக் கவுன்சில் அல்லது பொலிஸ் அனுப்பியது என்றே நினைப்பார்கள். அரசாங்கக் கடிதம் என்றால் நெஞ்சு பதறும் தலைமுறை அது. அகதியாக வந்து, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒவ்வொரு முத்திரைக்கும் காத்திருந்து பழகியவர்கள், தங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் எதிர்த்து எழுதத் துணிவதில்லை. 14 நாள் தள்ளுபடி இந்தப் பயத்தின் மேல்தான் வேலை செய்கிறது: சரியோ பிழையோ என்று யோசிக்கும் நேரத்துக்கு 40 பவுண் விலை வைத்திருக்கிறார்கள். தவறே செய்யாத எத்தனை பெரியவர்கள் பேசாமல் அந்த 60 பவுணைக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அந்தக் கடிதம் உண்மையில் என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். அது அபராதம் அல்ல. தரிப்பிடத்தின் அறிவிப்புப் பலகையில் உள்ள நிபந்தனைகளை ஏற்று ஒப்பந்தம் செய்தீர்கள், அதை மீறினீர்கள், ஆகவே இவ்வளவு தாருங்கள் என்று ஒரு தனியார் நிறுவனம் கேட்கும் தொகை. கார் யாருடையது என்பதை அவர்கள் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.யிடம் ஒரு கோரிக்கைக்கு 2.50 பவுண் கொடுத்துப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தகவலைப் பெறுவதற்கு அவர்கள் பி.பி.ஏ., ஐ.பி.சி. என்ற, தரிப்பிட நிறுவனங்களின் இரண்டு சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும்.

அப்படியானால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நம்மவர் பலர் இன்றும் சொல்கிறார்கள். அது ஆபத்தான ஆலோசனை. செல்ம்ஸ்ஃபோர்ட் நகரக் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணி நேர இலவச எல்லையை 56 நிமிடம் தாண்டி நின்ற காருக்குக் கேட்கப்பட்ட 85 பவுண் செல்லும் என்று, பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கேட்கும் தொகை நிறுவனத்தின் இழப்பைவிட அதிகம் என்ற ஒரே வாதத்தை வைத்து இனித் தப்ப முடியாது. எங்களைப் போல உண்மையிலேயே மீறல் நடக்காதவர்களும், நிறுவனம் விதிகளைப் பின்பற்றாத இடங்களில் சிக்கியவர்களும் அந்தக் காரணங்களைச் சான்றோடு எழுத்தில் வைக்க வேண்டும்.

விதிகளில் முக்கியமானது 2012ஆம் ஆண்டுச் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை. அதே சட்டம்தான் இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் நிலத்தில் கார்ச் சில்லுக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்தது. அதற்கு ஈடாக, யார் ஓட்டினார் என்று தெரியாதபோது காரின் பதிவாளரிடமிருந்தே, அதாவது கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமிருந்தே, பணம் கோரும் உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஆனால் அந்த உரிமைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கமராவை மட்டும் வைத்து அனுப்பும் கடிதம், கார் நின்றதாகச் சொல்லப்படும் நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பதிவாளரின் கையில் சேர்ந்திருக்க வேண்டும்; தபாலில் போட்ட பின் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கருதும். பிந்தினால் பதிவாளரிடம் பணம் கோரும் அந்த உரிமை நிறுவனத்துக்கு இல்லாமல் போய்விடும். எனவே கடிதத்தில் உள்ள திகதிகளை முதலில் பாருங்கள், உறையையும் எறியாதீர்கள். தனியார் தரிப்பிடக் கோரிக்கைகளில் யார் ஓட்டினார் என்று சொல்லும் சட்டக் கடமை பதிவாளருக்கு இல்லை. நிறுவனத்தின் இணையப் படிவம் அதைக் கேட்கத்தான் செய்யும். பொய் எழுத வேண்டாம். "காரின் பதிவாளர் என்ற முறையில் எழுதுகிறேன்" என்பதே போதுமானது.

அப்பாவின் சம்மதத்தோடு அவர் பெயரில் நான் எழுதினேன். காலையில் வாங்கிய சாமான்களின் பற்றுச்சீட்டு, மாலையில் மருந்து எடுத்ததற்கான செய்தி, இரண்டுக்கும் இடையில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்பதைக் காட்டும் அழைப்புமணிக் கமராப் பதிவு, மூன்றையும் நேரம் தெரியும்படி இணைத்தேன். அதே நாளில், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அப்பாவைப் பற்றியும் அவருடைய காரைப் பற்றியும் அந்த நிறுவனம் வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் படங்களையும் தருமாறு தனியாக ஒரு கோரிக்கை அனுப்பினேன். இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். இந்த ஒரு காரியத்தை யாரும் தவறவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் விடயத்தைத் திருப்பியது அதுதான்.

முதலில் வந்தது மறுப்பு. "எமது கமராக்களின் சான்று நீங்கள் அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டியதைக் காட்டுகிறது" என்ற பொருளில் எவருக்கும் பொருந்தும் நாலு பந்திகள். பற்றுச்சீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசலில் நின்ற கார் பற்றி ஒரு சொல் இல்லை. அதைப் படித்த எவரும் எங்கள் இணைப்புகளை ஒரு மனிதர் திறந்து பார்த்தார் என்று நம்ப மாட்டார்கள்.

அடுத்து, கேட்டிருந்த பதிவுகள் வந்தன. கடிதத்தில் இருந்த இரண்டு படங்களோடு மூன்றாவதும் இருந்தது: அதே நாள், அதே கார், பிற்பகலில் மறுபடி உள்ளே நுழைகிறது. வெளியே போகாத கார் இரண்டாம் முறை உள்ளே வர முடியாது. காலை வெளியேற்றத்தைத்தான் கமரா தவறவிட்டிருந்தது. பிற்பகல் நுழைவைத் தெளிவாகப் பிடித்திருந்தது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பாவிடம் 100 பவுண் கேட்டார்கள்.

அந்த நிறுவனம் பி.பி.ஏ. உறுப்பினர் என்பதால், மறுப்புக் கடிதத்தில் பொப்லா என்ற சுயாதீன மேன்முறையீட்டுச் சேவைக்கான இலக்கம் இருந்தது. மறுப்புக் கிடைத்த 28 நாட்களுக்குள் இலவசமாக அங்கே முறையிடலாம். ஐ.பி.சி. உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ். என்ற வேறு சேவை. பொப்லாவில் நாம் தோற்றால் தள்ளுபடித் தொகை போய்விடும், முழுத் தொகையைக் கேட்பார்கள். வென்றால் அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மூன்று படங்களையும் நேர வரிசையில் வைத்து, ஒரே பக்கத்தில் முறையிட்டேன். நிறுவனம் தன் சான்றுகளைத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டத்தில், வாதாடாமலே கோரிக்கையைக் கைவிட்டது. பொப்லாவிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்திடமிருந்து மன்னிப்பு வரவில்லை, விளக்கமும் வரவில்லை. முதல் முறையீட்டிலேயே இதைச் செய்திருக்க முடியும் என்பதுதான் என் குற்றச்சாட்டு. பிடிவாதமாக அடுத்த படிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் நீதி கிடைத்து, மற்றவர்களிடம் பணம் கிடைத்தால் போதும் என்று நடத்தப்படும் முறை இது.

கடிதத்தைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் உறவிலேயே உதாரணம் இருக்கிறது. ஒருவர் இப்படி ஒரு கடிதத்தை அலட்சியப்படுத்தினார். பின்பு வீடு மாறினார். காரின் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றவில்லை. நோர்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற அலுவலகத்திலிருந்து வந்த வழக்குப் படிவம் பழைய முகவரிக்குப் போனது. அதற்குச் சேர்ந்ததிலிருந்து 14 நாட்களில் பதில் போட வேண்டும். பெற்றுக்கொண்டதாக அறிவித்தால் 28 நாட்கள் கிடைக்கும். பதில் இல்லாததால் அவருக்கு எதிராகத் தீர்ப்புப் பதிவானது. வீட்டுக் கடன் கேட்கப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் அந்தப் பதிவு நீக்கப்படும். இல்லையென்றால் 6 ஆண்டுகள் கடன் வரலாற்றில் நிற்கும். தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்பதற்கே 300 பவுணுக்கு மேல் கட்டணம். தரிப்பிடத் தொகையைவிட அது மூன்று மடங்கு.

இடையில் கடன் அறவிடும் நிறுவனங்களின் கடிதங்கள் வரும். 100 பவுண் 170 ஆகும். அந்த மேலதிக 70 அவர்கள் தாங்களே சேர்ப்பது. சிவப்பு எழுத்தில் என்ன எழுதினாலும் வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. நீதிமன்றத் தீர்ப்பு வந்து, அதையும் கட்டாமல் விட்ட பிறகே அமலாக்க அதிகாரிகள் வர முடியும். இந்த 70 பவுணைத் தடைசெய்யவும், பல இடங்களில் உச்சத் தொகையை 50 பவுணாகக் குறைக்கவும், 2019இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் அரசாங்கம் 2022 பெப்ரவரியில் ஒரு நடத்தைக்கோவையை வெளியிட்டது. தரிப்பிட நிறுவனங்கள் வழக்குப் போட்டதும் அதே ஆண்டு ஜூனில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பின் இரு சங்கங்களும் சேர்ந்து தாங்களே எழுதிய கோவை 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உச்சத் தொகை அதில் 100 பவுணாகவே இருக்கிறது. கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களே கட்டுப்பாட்டை எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதில் உள்ளதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது நல்லது: அனுமதித்த நேரம் முடிந்த பின் குறைந்தது 10 நிமிடச் சலுகை உண்டு; கார் இலக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டிப் பணம் கட்டியவரிடம் தொகை அறவிடக் கூடாது.

கடை முகாமையாளரிடமும் பற்றுச்சீட்டோடு போய்க் கேளுங்கள். நிலம் யாருடையதோ அவர்கள் சொன்னால் நிறுவனம் பெரும்பாலும் கைவிட்டுவிடும். எங்களுக்கு அந்த வழி உதவவில்லை. "எங்களுக்கும் தரிப்பிடத்துக்கும் தொடர்பில்லை" என்றே சொன்னார்கள். வேறு கடைகளில் உதவியதை அறிவேன்.

கோரிக்கை கைவிடப்பட்டது என்று வரும் கடிதத்தையோ மின்னஞ்சலையோ அழிக்காதீர்கள். ஒப்பந்தத் தொகைகளுக்கு வழக்குப் போட 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கோப்புகள் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறி, முடிந்துபோன விடயத்துக்கு மறுபடியும் கடிதம் வரக்கூடும். அப்பாவின் மின்னஞ்சலை நான் அச்செடுத்து, மூன்று படங்களோடும் காரின் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.