லாஹப்பில் எல்சாட் வாசிப்புப் பயிற்சி: கேள்விகள் அசல், ஆசிரியர் நீங்கள்தான்

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஜேடி என்ற சட்டப் பட்டம் படிக்க, எல்சாட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்கள் முதலில் கணக்குத் தொடங்க வேண்டிய இடம் லாஹப் என்ற இணையதளம். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பே இதையும் நடத்துகிறது. சில முழுத் தாள்கள் இலவசம். ஆண்டுச் சந்தா கட்டினால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய தாள்கள் திறக்கும். இங்கே பார்க்கப்போவது ஒரு விஷயம் மட்டும்: ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் என்ற வாசிப்புப் பகுதிக்கு இது எவ்வளவு தூரம் உதவும்?

2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி போய்விட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் பகுதி இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று. அவற்றோடு மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி ஒன்று எங்காவது கலந்து வரும், எது என்று உங்களுக்குத் தெரியாது. அதுவும் வாசிப்பாக இருந்தால் ஒரே நாளில் இரண்டு வாசிப்புப் பகுதி எழுத வேண்டியிருக்கும். வீட்டிலும் ஒருமுறையாவது அப்படி இரண்டை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் கடைசி பாசேஜுக்கு வரும்போதுதான் கண் வரியில் ஓடும், மனம் ஓடாது.

லாஹப்பின் பெரிய பலம், தேர்வு நாளில் பார்க்கப்போகும் அதே திரை. இடப்பக்கம் பாசேஜ், வலப்பக்கம் கேள்வி. ஹைலைட்டர், அடிக்கோடு, வேண்டாத தெரிவை மங்கலாக்கும் பட்டன், பிறகு பார்க்கக் கொடி, 35 நிமிடக் கடிகாரம். தாளில் பென்சிலால் கோடு போட்டுப் படித்துப் பழகியவர்கள் முதல் இரண்டு தாள்களில் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் இங்கேயே தீர்ந்துவிடுவது நல்லது. மடிக்கணினியில் மட்டும் செய்யுங்கள். கைபேசியில் செய்ததைப் பயிற்சி என்றே எண்ண வேண்டாம்.

ஹைலைட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறம் இருக்கிறதே என்று பாதி பாசேஜுக்குச் சாயம் பூசினால் எதையும் தேட முடியாது. ஒரு பாசேஜுக்கு நான்கைந்து இடம் போதும்: பெயர்கள், ‘ஆனால்’, ‘இருப்பினும்’ என்று திசை மாறும் சொற்கள், ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லும் வரி. அந்த மூன்றாவதைத் தவறவிட்டால் குறைந்தது இரண்டு கேள்வி போகும்.

நேரக் கணக்கு எளிது. வாசிப்புப் பகுதியில் 4 தொகுதி (பாசேஜும் அதன் கேள்விகளும் சேர்ந்தது ஒரு தொகுதி), 35 நிமிடம், அதாவது தொகுதிக்கு 8 நிமிடம் 45 நொடி. மொத்தம் 27 கேள்வி வாக்கில் வரும். படிக்க மூன்று முதல் மூன்றரை நிமிடம், மிச்சம் கேள்விகளுக்கு. பலரும் இரண்டு நிமிடத்தில் மேய்ந்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பாசேஜை முதலிலிருந்து தேடுகிறார்கள். மிச்சம் பிடித்த நேரம் வட்டியோடு திரும்பப் போகிறது. பத்தி முடிந்ததும் இரண்டு நொடி நின்று, ‘இந்தப் பத்தி இங்கே எதற்கு?’ என்று ஒரு வரியில் மனதுக்குள் சொல்லிவிட்டு நகர்ந்தால் தேடல் பாதியாகக் குறையும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விட வேண்டாம்.

இனி குறை. விடை சரியா தவறா என்று லாஹப் உடனே சொல்லும். ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறு என்று உட்கார்ந்து பாடம் எடுக்காது. வாசிப்புப் பகுதியில் மதிப்பெண் ஏறுவதே அந்த ‘ஏன்’ தெரிந்தால்தான். கேள்விகள் எப்படி ஏமாற்றுகின்றன என்று காட்ட, தேர்வுத் தாளில் இல்லாத ஒரு சிறு மாதிரி:

‘காட்டு மரங்களின் வேர்களைப் பூஞ்சை இழைகள் இணைக்கின்றன. இவற்றின் வழியே மரங்கள் சத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று சில சூழலியலாளர்கள் கருதுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கரிமம் இடம் மாறியது உண்மைதான். ஆனால் காட்டில் அது மரத்தின் வளர்ச்சிக்கு உதவும் அளவுக்கு மாறுகிறதா என்பது இன்னும் தெளிவாகவில்லை.’

ஆசிரியர் எதை ஏற்பார்? ‘காட்டில் இழைகள் வழியே கரிமம் மாறுவதில்லை’ என்று ஒரு தெரிவு. தவறு, ‘தெளிவாகவில்லை’ என்பதை ‘இல்லை’ ஆக்கிவிட்டது. ‘ஆய்வுக்கூட முடிவு பிழையானது’ என்று இன்னொன்று. ‘உண்மைதான்’ என்ற சொல்லே அதை அடித்துவிடுகிறது. ‘இதில் பூஞ்சைக்கே அதிக லாபம்’ என்பது மூன்றாவது. அறிவியல் கட்டுரைகள் படிக்கிறவர் விழுவது இதில்தான். பாசேஜில் அப்படி ஒரு வரியே கிடையாது. ‘ஆய்வுக்கூட முடிவை மட்டும் வைத்துக் காட்டு மரங்கள் பயனடைகின்றன என்று முடிவுகட்ட முடியாது’ என்பதுதான் விடை. பார்க்கச் சப்பென்று இருக்கும். எல்சாட்டில் சரியான விடைகள் பெரும்பாலும் இப்படித்தான், அடக்கிப் பேசும்.

ஆகவே ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் வேலை உண்டு. தவறிய கேள்வியையும், சரியானாலும் கொடி போட்ட கேள்வியையும் எடுங்கள். சரியான தெரிவைத் தாங்கும் வரியைப் பாசேஜில் விரல் வைத்துக் காட்டுங்கள். ஐந்து தெரிவில் மற்ற நான்கையும் கெடுத்தது எந்தச் சொல் என்று எழுதுங்கள். 35 நிமிட வாசிப்புப் பகுதி ஒன்றுக்கு இது ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். இதைத் தவிர்த்து வாரம் நான்கு தாள் ஓட்டுகிறவர்களுக்குத் தாள்தான் தீரும், மதிப்பெண் நகராது.

நான்கு தொகுதிகளில் ஒன்று இணைப் பாசேஜ், ஏ, பி என்று இரண்டு சிறு பகுதிகளாக வரும். 2007 ஜூனில் வந்த மாற்றம் இது. பழைய தாள் ஒன்றில் இணை இல்லையென்றால் அந்தப் பகுதி அதற்கு முந்தையது. வேகப் பயிற்சிக்கு அது போதும், முழு ஒத்திகைக்கு வேண்டாம். ‘இரண்டு ஆசிரியரும் ஏற்பது எது’ என்று கேட்டால், பி-யில் அழகாகப் பொருந்தி ஏ-யில் பேச்சே இல்லாத தெரிவு ஒன்று நிச்சயம் காத்திருக்கும். இரண்டிலும் தனித்தனியே வரி காட்ட முடியாவிட்டால் அதைத் தள்ளிவிடுங்கள்.

சந்தா ஆண்டுக்கு 120 டாலர் வாக்கில். அசல் கேள்விகளை வைத்துப் பயிற்சி தரும் தனியார் நிறுவனங்களிடம் சேர்ந்தாலும் பெரும்பாலும் இந்தச் சந்தாவையும் கேட்பார்கள், ஆகவே அதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எல்சாக்கின் கட்டண விலக்கு கிடைத்தவர்களுக்கு இது அதிலேயே அடங்கும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். வாங்கிய நாளிலிருந்தே ஆண்டு ஓடத் தொடங்கும். இலவசத் தாள்களை அலசி முடிக்காமல் காசு கட்ட வேண்டாம்.