ரிங் ஸ்லிங்: பதினோரு மாதம் கட்டிய பிறகு எழுதுகிறேன்

பாப்பா பிறந்து ஆறு வாரம் ஆனபோது, குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கிற இந்த ரிங் ஸ்லிங்கை வாங்கினேன். இப்போது அவளுக்குப் பதின்மூன்று மாதம். இடையில் காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர கிட்டத்தட்ட தினமும் கட்டியிருக்கிறேன். துணி அருமை, ரிங் அருமை, கொடுத்த 3,200 ரூபாய்க்கு நஷ்டமே இல்லை. ஆனால் கூடவே வந்த செய்முறைத் தாளை மட்டும் நம்பி யாரும் குழந்தையை உள்ளே வைத்துவிடாதீர்கள். முதல் பத்தியோடு நிறுத்திவிடுகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையின் பெயர் போடவில்லை. கைத்தறித் துணியில் ஸ்லிங் செய்து ஆன்லைனில் விற்கிறவர்கள் இப்போது பல பேர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி யாரிடம் வாங்கினாலும் பொருந்தும்.

இதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள பருத்தித் துணி, அதன் ஒரு முனையில் இரண்டு அலுமினிய ரிங்கை வைத்துத் தைத்திருக்கும். மறுமுனையை முதுகு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து ரிங்குக்குள் விட்டு இழுத்தால் முன்னால் ஒரு பை மாதிரி ஆகும், மீதித் துணி முந்தானை போலத் தொங்கும். பெல்ட், பக்கிள் எதுவும் கிடையாது. ரிங் வைத்த இந்த அமைப்பு 1981இல் ஹவாயில் ரெய்னர் கார்னர் என்பவர் செய்தது. துணியில் பிள்ளையைக் கட்டிச் சுமப்பது மட்டும் அதைவிட எவ்வளவோ பழசு. மெக்சிகோவில் ரெபோசோ என்பார்கள், நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் நரிக்குறவர் வீட்டுப் பெண்கள் தோளில் முடிந்த துணியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பாசி கோப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பெரியவனுக்கு பக்கிள் வைத்த குழந்தை கேரியர்தான் வாங்கினோம், விலை குறைவு என்று. அடிப்பாகம் ஒரு கை அகலம்கூட இருக்காது. அவன் கால் இரண்டும் நேராகக் கீழே தொங்கும், கனம் முழுக்கத் தொடை இடுக்கில் நிற்கும். பத்து நிமிடத்தில் அழுவான். குழந்தைக்கு என்னவோ தூக்கிக்கொண்டு போவது பிடிக்கவில்லை என்று நினைத்துப் பரண்மேல் போட்டுவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, சின்னக் குழந்தையின் தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பதிந்து வளர, கால் தவளை மாதிரி விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் இடுப்பில் பிள்ளையை வைக்கும்போது கால் தானாகவே அப்படித்தான் விரிந்து உட்காரும். ரிங் ஸ்லிங்கில் துணியை ஒரு முழங்காலிலிருந்து இன்னொரு முழங்கால் வரை விரித்துவிட்டால் அதே உட்காரல் கிடைக்கிறது.

துணியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, என் அம்மாயிக்கு இருக்கிறது. சென்னிமலையில் தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடம் நெசவுக்கு நூல் தார் சுற்றியவர். பார்சலைப் பிரித்ததும் குழந்தையைக்கூடக் கேட்கவில்லை, துணியை வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். அப்புறம் நீளவாக்கில் இழுத்தார், அகலவாக்கில் இழுத்தார், அசையவில்லை. மூலைவாட்டத்தில் இழுத்தார், ரப்பர் மாதிரி கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனது. "பாவும் ஊடையும் சமமா விழுந்திருக்கு கண்ணு, நல்ல தறிதான், புள்ளையத் தாங்கும்" என்றார். பாவு என்பது நீளவாக்கு நூல், ஊடை குறுக்கு நூல். ஸ்லிங் துணிக்கு வேண்டிய குணமே அதுதான். நேராகத் தொய்ந்தால் குழந்தை கீழே இறங்கிவிடும், மூலைவாட்டத்தில் கொடுத்தால்தான் முதுகின் வளைவுக்கு ஒட்டி நிற்கும். பனியன் துணியில் வருகிற மலிவான ஸ்லிங் அரை மணி நேரத்தில் தொய்வது இதனால்தான். ரிங்கையும் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒட்டு, வெல்டிங் மேடு எதுவும் தட்டக் கூடாது. வளையத்தை மட்டும் தனியாக ஃபேன்சி ஸ்டோரில் வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம், அலங்காரத்துக்குச் செய்த வளையம் எட்டுக் கிலோவை நம்பி ஒப்படைக்கிற பொருள் இல்லை.

இனி அந்தத் தாள் விஷயம். ஒரே பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம், நான்கு படம். அதில் ஒரு படம் குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி குறுக்கே படுக்க வைத்துக் காட்டியது. அதைப் பார்த்துத்தான் நானும் கட்டினேன். நான்காம் நாள் ஒரு வளைகாப்பு வீடு. பாப்பா உள்ளே தூங்கிவிட்டாள் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் இருந்த ஒரு பெரியம்மா, ஓய்வு பெற்ற செவிலியர், எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தாடை நெஞ்சுல ஒட்டியிருக்கு பாரு, முதல்ல எடு" என்றார். துணியை விலக்கினேன். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் போக இடமில்லை. மூச்சு சின்ன முனகலோடு வந்துகொண்டிருந்தது, அதைத்தான் நான் தூக்கம் என்று நினைத்திருந்தேன். எடுத்து நிமிர்த்தித் தோளில் சாய்த்ததும் ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டாள். எனக்குக் கை நடுக்கம் நிற்கவே வெகு நேரமானது. அந்த அம்மா அன்றைக்கு அந்த வரிசையில் உட்காராமல் போயிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது: அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாகக் குறைந்தது 14 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அவர்களில் 12 பேர் நான்கு மாதத்துக்கும் குறைவானவர்கள். காரணம் இரண்டுதான். துணி மூக்கிலும் வாயிலும் அழுந்துவது ஒன்று. உடம்பு வளைந்து தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்குவது இன்னொன்று. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தானே தலையை நிமிர்த்திக்கொள்ளத் தெரியாது, அழுது காட்டவும் மூச்சு வேண்டுமே. அதனால் படுக்க வைக்கிற முறையை நான் அன்றோடு விட்டேன். நெஞ்சோடு நெஞ்சாக, நிமிர்த்தித்தான்.

எப்படிக் கட்டுகிறேன் என்றால், முதலில் ரிங்கை மாட்டித் தோளிலிருந்து மார்புக்கு இறங்கும் இடத்தில், காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவேன். முதுகுப் பக்கம் துணி முறுக்கில்லாமல் தோள்பட்டை முழுக்க விரிந்திருக்கிறதா என்று கையால் நீவிப் பார்ப்பேன், இதைச் செய்யாதவர்கள்தான் தோள் வலிக்கிறது என்கிறார்கள். பிறகு பாப்பாவை ஏப்பம் விட வைக்கிற மாதிரி எதிர்த் தோளில் சாய்த்து, அடியிலிருந்து கையை விட்டு அவள் பாதங்களைப் பிடித்துப் பைக்குள் இறக்கி, கீழ் விளிம்பை இரண்டு முழங்காலுக்கும் அடியில் இழுத்து, அவளுக்கும் எனக்கும் நடுவில் துணியைக் கொஞ்சம் செருகிவிடுவேன். இப்போது இறுக்க வேண்டும். முந்தானையை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் ரிங்கில் சிக்கி நிற்கும், ஒன்றும் நடக்காது. மேல் விளிம்பைத் தனியாகப் பிடித்து ஒரு விரல் அளவு, கீழ் விளிம்பைத் தனியாக ஒரு விரல் அளவு, நடுத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் ஒரு கையால் குழந்தையின் கனத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சரியாக இறுகினால் நான் முன்னால் குனியும்போதும் அவள் என் மார்பைவிட்டு விலகமாட்டாள். முகம் எப்போதும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரம், தாடைக்கடியில் குறைந்தது ஒரு விரல் இடம், முதுகு சரியாமல் தாங்கியிருக்க வேண்டும். இவ்வளவும் பிரிட்டனில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதிகள்தான், தமிழில் ஒரு அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு பார்சலிலும் வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? கடைக்காரர்களுக்கு இதை எழுதி அனுப்பினேன். வீடியோ காலில் வந்து அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அது உண்மையிலேயே நல்ல சேவை, பொம்மையை வைத்துப் பழகச் சொன்னதும் அவர்கள்தான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கிறது. கேட்கத் தோன்றாதவர்கள் என்ன செய்வார்கள்?

சரி, பலன் என்ன? சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணி வரை அழுகிற குழந்தை எங்களுடையது. கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தால் பத்து நிமிடத்தில் அடங்குவாள். மான்ட்ரியலில் 1986இல் செய்த ஓர் ஆய்வில், தினமும் கூடுதலாகச் சில மணி நேரம் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள், மாலை நேரத்தில் 51 சதவீதம். அதே குழுவினர் பின்னால் ஏற்கெனவே வயிற்றுவலிக் குழந்தைகள் மாதிரி விடாமல் அழுகிறவர்களிடம் முயன்றபோது அந்தப் பலன் தெரியவில்லை, அதனால் உங்கள் பிள்ளை அடங்காவிட்டால் நீங்கள் கட்டியது தப்பு என்று மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். எனக்கு சிசேரியன், இடுப்பு பெல்ட் எதுவும் தையலில் அழுந்தாதது பெரிய நிம்மதி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. "பஞ்சம் பொழைக்கப் போறவங்க மாதிரி என்னத்துக்கு இது, மூச்சு முட்டாதா?" என்றார். இரண்டாவது கேள்வி நியாயமானது என்பதால் ஒவ்வொரு தடவையும் அவரையே பார்க்கச் சொல்வேன்: தாடை சரியா இருக்குங்களா, மூக்கு தெரியுதுங்களா? இப்போது நான் கட்டியதும் கேட்காமலே வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

குறை என்று பார்த்தால், அடர் நீலத்தில் வாங்கினேன், முதல் அலசலில் சாயம் போனது, பாப்பாவின் வெள்ளைச் சட்டை வீண். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் துணியில் இது நடக்கவே கூடாது. மூன்று அலசலுக்குப் பிறகு நின்றது, அதுவரை கட்டவில்லை. புதிதில் துணி அட்டை மாதிரி விறைப்பு, ஐந்தாறு தடவை துவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் ரிங்கில் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் இரண்டு பேருக்கும் நெஞ்சு நனைந்துவிடும். ஒரே அடுக்கு என்பதால் பக்கிள் கேரியர் அளவுக்குப் புழுக்கம் இல்லை, ஆனாலும் அரை மணிக்கு ஒரு தடவை இறக்கிவிட வேண்டும். தூங்கி எழும்போது கன்னத்தில் நெசவு வரி வரியாகப் பதிந்திருக்கும், அதைத் தடவிவிடுவது எனக்குப் பிடித்த வேலை. கனம் ஒரே தோளில் என்பதால் எட்டுக் கிலோவுக்கு மேல் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தோள் மாற்றுகிறேன். மணிக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு இரண்டு தோள் கேரியர்தான் சரி.

நடக்கத் தொடங்கிய பிறகு வேண்டியிருக்காது என்று நினைத்தேன், இப்போதுதான் அதிகம் உதவுகிறது. பத்து அடி நடப்பாள், தூக்கு என்பாள், உடனே இறக்கு என்பாள். பிரிக்காமலே இடுப்புப் பக்கம் ஏற்றி இறக்க இதில் ஐந்து விநாடி போதும். போன மாதம் சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படியும் இப்படித்தான் ஏறி இறங்கி ஏறிப் போனோம், ஒரு கையில் கைப்பிடிக் கம்பி, ஒரு கையில் பெரியவன்.

இதைக் கட்டிக்கொண்டு அடுப்பு வேலை செய்யாதீர்கள், தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் முதலில் அவள் காலில்தான் படும். ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். ஈரோட்டில் தினமும் பார்க்கிறேன், பின்னால் உட்கார்ந்த அம்மாவின் ஸ்லிங்கில் கைக்குழந்தை. 2023 பிப்ரவரி முதல் மத்திய அரசின் விதி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு பாதுகாப்பு வார் போட்டு இணைக்க வேண்டும், ஒன்பது மாதம் ஆனதிலிருந்து ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்கிறது. ஸ்லிங் அந்த வார் ஆகாது. வண்டி விழுந்தால் குழந்தைமேல் நாம்தான் விழுவோம்.

நாத்தனாருக்குத் தை மாதம் பிரசவம். புதுசு வாங்க வேண்டாம், இதையே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சாயம் எல்லாம் போய் இப்போது பழம்புடவை மாதிரி மெத்தென்று இருக்கிறது, ரிங் தையலை மட்டும் ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டார் வீட்டுக்காரர். வேண்டாங்க, நானே எடுத்துக்கொண்டு போய்க் கட்டிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.