ஒன்பது வருடமாக மற்றவர்கள் வரைந்ததைப் பார்க்கிறேன்

எனக்கு வரைய வராது. ஆனால் வரைகிறவர்களின் பக்கங்களைத் திறந்து பார்க்காமல் தூங்கப் போன நாள் குறைவு. 2016-இல், வரைந்ததை ஏற்றிப் பகிரும் தளமான டீவியன்ட்ஆர்ட்டில் கணக்கு தொடங்கினேன். அப்புறம் பிக்சிவ், ஆர்ட்ஸ்டேஷன், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. அங்கெல்லாம் தொழில்முறைக் கலைஞர்களைவிட, வேலைக்கும் படிப்புக்கும் நடுவே கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் வரைந்து ஏற்றுகிறவர்களைத்தான் நான் அதிகம் தேடிப் போகிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. வெறுமனே பார்க்கிறவனாக இருந்து தெரிந்துகொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் இரண்டு வருடம் எல்லோரையும் போலத்தான். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகும். பிடித்தால் ஒரு லைக், ரொம்பப் பிடித்தால் ‘அருமை’ என்று ஒரு வார்த்தை. ஒருநாள், நீர்வண்ணத்தில் வரைந்த ஒரு கண்ணாடிக் குப்பியின் கீழே அதே வார்த்தையை எழுதினேன். வரைந்தவர் பதில் போட்டிருந்தார்: ‘நன்றி. எந்த இடம் பிடித்தது என்று சொல்ல முடியுமா? நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.’ அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வெட்கமாக இருந்தது. படத்தைத் திரும்பத் திறந்தேன்.

பச்சைக் குப்பி, ஜன்னலோரம், இடது பக்கமிருந்து வெளிச்சம். குப்பியின் தோளில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளை. பெரிதாக்கிப் பார்த்தால் அது வெள்ளைப் பெயின்ட் இல்லை, காகிதமே. நீர்வண்ணத்தில் வெளிச்சத்தைப் பெரும்பாலும் பூசுவதில்லை, விட்டுவைப்பார்கள். தூரிகையை முதல் தடவை நனைக்கும்போதே அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். அதைச் சுற்றிக் குறைந்தது மூன்று பூச்சு பச்சை ஏறியிருக்கிறது. மூன்று தடவையும் அந்தத் துளி இடத்தை ஒதுங்கிப் போயிருக்கிறார்.

குப்பியின் அடியில், நிழல் விழும் இடத்தில், வண்ணம் ஓரம் பிசிறி ஒரு பூ மாதிரி விரிந்திருந்தது. பாதி காய்ந்த பூச்சில் கூடுதலாகத் தண்ணீர் பட்டால் அப்படி ஆகும். தண்ணீர் பரவும்போது நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். பலர் அதைப் பிழை என்பார்கள். ஆனால் அந்தப் படத்தில், கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் மேசைமேல் நடுங்குவது போல இருந்தது. கழுத்தருகே அழிக்காமல் விட்ட பென்சில் கோடு ஒன்று தெரிந்தது. கழுத்தை முதலில் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வரைந்துவிட்டு, பிறகு நிமிர்த்தியிருக்கிறார்.

இதைப் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. மூன்றையும் எழுதினேன். ‘அந்த வெள்ளைக்காக நான்கு தாள் போயிற்று. இதுவரை யாரும் கவனித்ததில்லை’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒரே மூச்சில் நூறு படம் பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு.

பார்க்கும் சாதனத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வருடம் நான் தவறாகப் பார்த்தேன். இரவில் மொபைல் திரை தானாகவே மஞ்சளுக்கு மாறும் வசதி இருக்கிறதே, அது கண்ணுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் ஓவியத்தின் நிறத்தைக் கெடுத்துவிடும். நீலம் மங்கும், சாம்பல் பழுப்பாகும். ‘இவருடைய படங்கள் எல்லாமே ஏன் அழுக்காக இருக்கின்றன’ என்று ஒருவரைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்தேன். பகலில் கணினித் திரையில் பார்த்த பிறகுதான் அவருடைய சாம்பலில் எத்தனை ஊதா இருக்கிறது என்று தெரிந்தது. இன்னொன்று, மொபைலின் அமைப்புகளில் திரை முழுவதையும் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. ஒரு படம் பிடித்திருந்தால் அப்படி மாற்றிப் பார்ப்பேன். நிறம் போன பிறகும் எது முன்னால், எது பின்னால் என்று புரிந்தால், அந்த ஆள் வெளிச்சத்தையும் இருட்டையும் யோசித்துத்தான் வரைந்திருக்கிறார். நிறங்களெல்லாம் கண்ணைப் பறிக்கும், ஆனால் சாம்பலாக்கினால் முகமும் சுவரும் ஒன்றாகிவிடும் படங்களும் நிறைய வரும். வரைந்து பழகுகிறவர்களில் மிகப் பலருக்கு இந்த இடத்தில்தான் தடுக்குகிறது.

காகிதத்தில் வரைந்ததை இணையத்தில் பார்க்கும்போது நாம் பார்ப்பது ஓவியத்தை இல்லை, ஓவியத்தின் போட்டோவை. இதை மறந்துவிட்டு மதிப்பிட்டால் வரைந்தவருக்கு அநியாயம் செய்கிறோம். பென்சிலில் அழுத்தி நிழல் போட்ட இடம் போட்டோவில் பளபளக்கும், கறுப்பாக இருக்க வேண்டியது வெள்ளி மாதிரித் தெரியும். அது கிராஃபைட்டின் குணம். ஸ்கேன் செய்தால் பளபளப்பு போகும், ஆனால் நீர்வண்ணத்தின் மிக மெல்லிய பூச்சுகளைப் பல ஸ்கேனர்கள் வெள்ளையாக்கி விழுங்கிவிடும். அல்ட்ராமரைன் நீலம் சொரசொரப்பான காகிதத்தின் பள்ளங்களில் துகள் துகளாகத் தங்கும். நேரில் பார்த்தால் அதுவே பெரிய அழகு. சிறிதாக்கிய படத்தில் அந்தத் துகளெல்லாம் கரைந்து வெறும் நீலமாகிவிடும். அதனால் காகிதத்தில் வரைகிறவர்கள் யாராவது ஓரத்தை மட்டும் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துப் போட்டால், முதலில் அதைத்தான் திறப்பேன். டேப் ஒட்டிப் பிரித்த விளிம்பு, மூலையில் நிறம் சோதித்த கோடுகள், விரல் ரேகை எல்லாம் அதில் இருக்கும்.

டிஜிட்டல் ஓவியத்தை ரொம்ப நாள் நான் கொஞ்சம் குறைவாகத்தான் நினைத்திருந்தேன். தப்பானால் பின்வாங்கலாம், லேயர் லேயராகப் பிரித்து வரையலாம், அப்புறம் என்ன கஷ்டம் என்ற எண்ணம். அதை உடைத்தது ஒரு டைம்லாப்ஸ் வீடியோ. புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் வரைந்தால், செயலியே வரையும் போக்கைப் பதிவு செய்து வேகமாக ஓடும் வீடியோவாகத் தரும். ஒருவர் தன் படத்தோடு அதையும் ஏற்றியிருந்தார். மழையில் ஒரு பெண் சிவப்புக் குடையோடு நிற்கிறாள். முடிந்த படத்தைப் பார்த்தால் ஒரே மூச்சில் வரைந்தது போல இருக்கும். வீடியோவில் அந்தக் குடையின் விளிம்பு மட்டும் வருகிறது, அழிகிறது, வருகிறது, அழிகிறது. எண்ண ஆரம்பித்து முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பின்வாங்கும் வசதி தப்பை அழிக்கத்தான் உதவும். சரியான கோடு எங்கே போக வேண்டும் என்பதை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதே படத்தில் இன்னொன்று. குடையின் சிவப்பு அவள் கன்னத்தில் லேசாகப் படிந்திருக்கிறது. ஈரத்தரையிலும் அதே சிவப்பு, ஆனால் அங்கே குளிர்ந்த சிவப்பு, நீலத்தோடு கலந்தது. வெளிச்சம் துணி வழியாக இறங்கி ஒரு முகத்தில் எப்படிப் படும் என்று அவர் எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார். மென்பொருளில் அதற்குத் தனிப் பொத்தான் இல்லை. கை மட்டும் சரியாக வரவில்லை, குடைக்காம்பைப் பிடித்த விரல்கள் குச்சி மாதிரி இருந்தன. பரவாயில்லை. அந்தக் கன்னத்துக்காகவே இன்றும் அதைத் திறந்து பார்க்கிறேன்.

தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. டீவியன்ட்ஆர்ட் 2000 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் அருமை பழசு அப்படியே கிடப்பதுதான். ஒருவருடைய கேலரியின் அடி வரை போனால் பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் போட்ட முதல் படம் இருக்கும். அங்கிருந்து மேலே வருவது எனக்கு மிகப் பிடித்த வேலை. பிக்சிவ் 2007-இல் ஜப்பானில் வந்தது. அங்கே டேக் போடும் பழக்கம் வலுவாக இருப்பதால் தேடுவது எளிது. நீர்வண்ணத்துக்கு அவர்கள் சொல்லும் ‘சுய்சாய்’ என்ற வார்த்தையை ஜப்பானிய எழுத்தில் ஒட்டித் தேடினால் புதையல் மாதிரிக் கொட்டும். ஆர்ட்ஸ்டேஷன் பெரும்பாலும் விளையாட்டு, சினிமாத் துறையில் இருப்பவர்களின் இடம். பழகுநர்களை அங்கே கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டும். எந்தத் தளமாக இருந்தாலும், அது தானாக முன்னே தள்ளுவதை மட்டும் பார்த்தால் ஏற்கெனவே பல்லாயிரம் பேர் பார்த்ததைத்தான் நாமும் பார்ப்போம். நான் ‘புதியவை’ என்று வரிசைப்படுத்திப் பார்ப்பேன். நாற்பது படத்தில் ஒன்று நிற்க வைக்கும். அந்த ஒன்றுக்கு மூன்று லைக்தான் இருக்கும்.

அக்டோபர் மாதம் எனக்குத் திருவிழா. ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009-இல் தன் மைப் பயிற்சிக்காகத் தொடங்கிய இங்க்டோபர், இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. 31 நாள், 31 படம், மையில். மை என்பதால் அழிக்க முடியாது. முதல் வாரம் எல்லோரும் கவனமாக வரைவார்கள். பன்னிரண்டு, பதிமூன்றாம் நாளில் கை சோர்ந்துபோகும், நேரம் இருக்காது, படம் சின்னதாகும். அந்தச் சோர்ந்த நாட்களின் படங்களை நான் விட்டுவிடாமல் பார்ப்பேன். அலங்காரம் செய்ய நேரமில்லாத அன்றுதான் சிலருக்குக் கோடு தைரியமாக விழுகிறது. ஒரு பூனையின் முதுகை ஒருவர் அப்படி ஒரே வளைவில் இழுத்திருந்தார். முதல் வாரத்தில் அதே ஆள் வரைந்த பூனையில் ஒவ்வொரு மயிரும் இருந்தது, பூனைதான் இல்லை.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நான்காவது வருடம், பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. ஒருவர் தன் முதல் டிஜிட்டல் முகத்தை ஏற்றியிருந்தார். கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, காது ரொம்ப மேலே, நிழல் இரண்டு திசையில் விழுகிறது என்று நீளமாக எழுதினேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. மறுநாள் அந்தப் படம் இல்லை. அந்தக் கணக்கில் அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. என்னால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலி கேலரியைப் பல மாதம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து, ‘குறை சொல்லுங்கள்’ என்று வரைந்தவரே கேட்டிருந்தால் மட்டும்தான் சொல்கிறேன். அப்போதும் ஒன்றே ஒன்று, அடுத்த படத்தில் அவர் மாற்றிப் பார்க்கக்கூடியதாக. பாராட்டுக்கு அனுமதி தேவையில்லை, ஆனால் இடத்தைக் காட்டிப் பாராட்ட வேண்டும்.

2022-க்குப் பிறகு பார்ப்பது கொஞ்சம் சிரமமாகிவிட்டது. அந்த வருடக் கடைசியில் செயற்கை நுண்ணறிவுப் படங்கள் எல்லாத் தளங்களிலும் பெருகின. பிக்சிவ் அவற்றுக்குத் தனி அடையாளமும் வடிகட்டியும் கொண்டுவந்தது. டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷனின் முகப்பை ஓவியர்கள் எதிர்ப்புப் படங்களால் நிரப்பினார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. நன்றாக வரைய ஆரம்பித்த பழகுநர்கள்மேல் சந்தேகம் விழுகிறது. ஆறு மாதமாகக் கை வரைந்து வரைந்து பழகிய ஒருவர் கடைசியில் ஒரு நல்ல கையை ஏற்றினால், ‘இது நீ வரைந்ததா’ என்று கேட்கிறார்கள். அவர் லேயர்களையும் முதல் கிறுக்கலையும் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பதில்லை. பழைய படங்களுக்குப் போவேன். ஒருவர் மூக்கை எப்போதும் ஒரே பக்கம் வளைப்பார், இன்னொருவர் நிழலுக்கு எப்போதும் ஊதாவையே எடுப்பார். அந்தப் பழக்கம் படத்துக்குப் படம் தொடர்ந்து வருவதைப் பார்த்தால் சந்தேகம் தானாகக் கரைந்துவிடும்.

படத்தைச் சேமிப்பதானால் வரைந்தவரின் பெயரையும் பக்கத்தையும் சேர்த்தே வையுங்கள். பெயரில்லாமல் சுற்றும் படம் கையில் கிடைத்தால் படத்தைக் கொடுத்து அது வந்த இடத்தைத் தேடும் தளமான டின்ஐயில் போட்டுத் தேடுவேன். பாதி நேரம் மூலப் பக்கம் கிடைத்துவிடும், அங்கே போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லலாம்.

குப்பி வரைந்தவர் இப்போதும் கண்ணாடிப் பொருட்களையே வரைகிறார். போன மாதம் மறுபடி ஒரு பச்சைக் குப்பி, அதே ஜன்னல். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். கழுத்து நேராக நிற்கிறது, பென்சில் கோடு தெரியவில்லை. வெள்ளை இன்னும் சிறிதாகி, இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஜன்னல் கம்பியின் நிழல் மயிரிழையாக ஓடுகிறது. அடியில் அந்தப் பூ மறுபடி விரிந்திருக்கிறது, ஆனால் இந்தத் தடவை தானாக ஆனது போலத் தெரியவில்லை. ‘இதை வேண்டுமென்றே விட்டீர்களா?’ என்று எழுதியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.