டைப் 99 அரிசாகா: பழுதுபார்த்து ஆறு வருடம் வைத்திருந்த அனுபவம்

2018 அக்டோபரில் இந்த ரைஃபிளை வாங்கினேன். நான் இருப்பது அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில். காலமான ஒரு பெரியவரின் வீட்டுச் சாமான்களை அவருடைய பிள்ளைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். கராஜ் மூலையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இது சாய்ந்து நின்றது. பசிபிக் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் நினைவுப் பொருளாகக் கொண்டுவந்த ஏராளமான அரிசாகாக்களில், அதாவது ஜப்பானிய ராணுவ ரைஃபிள்களில், ஒன்று. குழலெங்கும் செந்துரு. மரத்தில் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அடிக்கட்டையில் நீளவாக்கில் ஒரு விரிசல். 180 டாலர் கொடுத்தேன். உரிமம் உள்ள ஒரு கடை வழியாக, படிவம் நிரப்பிப் பெயர் மாற்றிக்கொண்டோம்.

வேலையை முடித்தது 2019 ஏப்ரலில். அதற்கப்புறம் ஆறு வருடமாகச் சுடுதளத்துக்கு எடுத்துப்போகிறேன். இதுவரை 300 தோட்டாவுக்குப் பக்கமாகச் சுட்டிருப்பேன். வேலை முடிந்த அன்று எல்லாமே அழகாகத்தான் தெரிந்தது. எது நிலைத்தது, எது தப்பு என்பது நாலைந்து கோடை கடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599, அதாவது நம் கணக்கில் 1939. அந்தக் கடைசி இரண்டு எண்களிலிருந்து வந்த பெயர்தான் டைப் 99. அதற்கு முந்தைய டைப் 38, 6.5 மில்லிமீட்டர் தோட்டா சுடும். சீனப் போரில் அது போதவில்லை என்று கண்டு 7.7 மில்லிமீட்டருக்கு மாறினார்கள். என்னுடையது ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ செய்தது. அதே கம்பெனிதான் இன்று மாஸ்டா என்ற பெயரில் கார் செய்கிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது ஊருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஹிஜியாமா குன்று நின்றதால் ஆலை பெருமளவு தப்பியது. அந்த ஆலையின் முத்திரை வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது.

வரிசை எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் நான் செய்த முதல் வேலை. உருப்படியான வேலையும் அதுதான். தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளைக்குப் போல்ட் என்று பெயர், அது ஓடும் உடற்பகுதி ரிசீவர். போல்ட் கைப்பிடியின் அடியிலும் உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசியிலும் பொறித்திருந்த மூன்று இலக்கங்கள் ரிசீவரின் வரிசை எண்ணோடு பொருந்தின. அப்படியென்றால் போல்ட் மாறவில்லை. இதைப் பார்க்காமல் உப்புத்தாளை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்தச் சின்ன எண்கள் ஆழமில்லாதவை. இரண்டு நிமிடத் தேய்ப்பில் போய்விடும்.

இரண்டாவது வேலை, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனது. இதில் சமரசமே கிடையாது. போருக்குப் பின் அமெரிக்காவில் 7.7 தோட்டா கிடைப்பது கஷ்டமாக இருந்ததால், பலர் தோட்டா அறையைக் கடைந்து இங்கே கிடைக்கும் .30-06 தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் அறைக்குள் ஒரு வார்ப்பு எடுத்து அளந்து, மாற்றமில்லை, 7.7-தான் என்றார். போல்ட் மூடும் இடைவெளியையும் அளவுக்கட்டை வைத்துப் பார்த்தார். அரிசாகாவின் இரும்பு பலமானது என்று பெயர் வாங்கியது உண்மை. ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பல ராணுவ ரைஃபிள்களை வேண்டுமென்றே வெடிக்க வைத்துச் சோதித்தபோது டைப் 38 கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஆனால் அதே சாயலில், மாணவர் பயிற்சிக்காக வெற்றுத் தோட்டா மட்டும் சுடும்படி செய்த துப்பாக்கிகளும் உண்டு. அதில் நிஜத் தோட்டா போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெயரை நம்பி யாரும் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, மரத்துக்கு வருவோம். அடிக்கட்டையில் இருந்தது விரிசலே இல்லை. அரிசாகாவின் அடிக்கட்டையே இரண்டு துண்டுதான்: கீழ்ப்பாகத்தைத் தனியாகச் செய்து, நாக்கும் பள்ளமுமாகச் செருகிப் பசை வைத்து ஒட்டுவார்கள். அகலமான பலகை தேவைப்படாது என்பதால் மரம் மிச்சம். ஒட்டிய பசை எழுபது, எண்பது வருடத்தில் காய்ந்து இணைப்பு வாய் திறந்துகொள்ளும். எனக்கு முன்னால் யாரோ அதை விரிசல் என்று நினைத்து எப்பாக்ஸி திணித்திருந்தார்கள். அதைக் கூர்மையான கத்தியால் துளித்துளியாக எடுக்க மூன்று வார இறுதிகள் ஆயின. பிறகு விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் தோல் பசையைச் சூடாக்கி விட்டு, துணி சுற்றிக் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் வைத்தேன். ஆறு வருடத்தில் ஒரு மயிரிழை கூடத் திறக்கவில்லை. தோல் பசையின் பெரிய நன்மை, நாளை யாராவது இணைப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் வெந்நீரும் சூடும் போதும்.

நான் வருந்துவது மரத்தின் பூச்சு விஷயத்தில். ஜப்பானியர் இந்தக் கட்டைகளுக்கு உருஷி என்ற மரப்பால் பூசினார்கள். கோயில் சாமான், சாப்பாட்டுக் கிண்ணம் எல்லாவற்றுக்கும் அவர்கள் பூசும் அதே பூச்சு. நம் சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் அந்த மரத்துக்குச் சொந்தக்காரர்கள். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிப்பது தெரியும் அல்லவா, உருஷிப் பாலுக்கும் அந்தக் குணம் உண்டு. இது எதுவும் தெரியாமல் முன்கட்டையின் இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உப்புத்தாள் போட்டேன். இரண்டாம் நாள் முன்கையில் அரிப்புத் தடிப்பு வந்தது. பத்து நாள் இருந்தது. அது காரணமா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் நான் அன்றோடு தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். மீதிக் கட்டையை மினரல் ஸ்பிரிட் தொட்ட பருத்தித் துணியால் மட்டும் துடைத்தேன். துணி கறுப்பாகிக்கொண்டே வந்தது; ஐந்தாவது துணியில் அடியிலிருந்து தேன்-சிவப்பு நிறம் எழுந்தது. அந்த மாலையை என்னால் மறக்க முடியாது. தேய்த்த இடம் மட்டும் இன்றும் வெளிறிப்போய்த் தனியாகத் தெரிகிறது. என்ன எண்ணெய் போட்டும் சேரவில்லை. பழைய பூச்சு போனால் போனதுதான்.

ஆளி விதை எண்ணெய் போடச் சொல்பவர்கள் நிறைய. ஐரோப்பிய, அமெரிக்க ராணுவக் கட்டைகளுக்கு அது சரி. உருஷியின் மேல் அது உள்ளே இறங்காமல் மேலே பிசுபிசுவென்று நிற்கும், தூசி பிடிக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவாக்கிய ரெனைசான்ஸ் மெழுகைத்தான் நான் மெல்லியதாகப் பூசுகிறேன். வருடத்துக்கு இரண்டு முறை போதுகிறது. ஒரு சின்ன டப்பா ஆறு வருடத்துக்கும் வந்து இன்னும் பாதி இருக்கிறது.

துருவுக்கு இரண்டு வழி. திருகு, வளையங்கள், தோட்டாப் பெட்டியின் அடித்தகடு போன்ற சின்னச் சாமான்களை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். செந்துரு நிறம் மாறிக் கரும் ஆக்ஸைடாகிவிடும். மேலே நிற்கும் பொடியை மிருதுவான கம்பித் தூரிகையால் தட்டி எடுத்தால் அடியில் கறுத்த, உறுதியான தோல் இருக்கும். ஆசிட் வேண்டாம், வினிகர் கூட வேண்டாம். அவை துருவோடு சேர்த்துப் பழைய கறுப்பையும் தின்றுவிடும். குழலுக்கு மட்டும் எண்ணெய் ஊறவைத்து, 1982-க்கு முந்தைய அமெரிக்கச் செப்புக் காசால் சுரண்டினேன். செம்பு இரும்பைவிட மென்மை, அதனால் துரு உதிரும், இரும்பில் கீறல் விழாது. எட்டு மாலை ஆனது. கொதிக்கவைத்த சாமான்களில் ஆறு வருடத்தில் ஒரு புள்ளி துருகூட வரவில்லை. காசால் சுரண்டிய குழலில் மட்டும் ஒரு முறை வந்தது, அது என் தப்பு: 2021 ஜூலையில், சுடுதளத்திலிருந்து வந்த களைப்பில் ஜிப் வைத்த பையிலேயே மூன்று வாரம் விட்டுவிட்டேன். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தபோது என் விரல் ரேகைகளே செந்துருவாக எழுந்திருந்தன. பையை அன்றே தூக்கிப்போட்டேன். இப்போது பெட்டகத்துக்குள் ஈரம் உறிஞ்சும் ஜெல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய்த் துணி.

குழலின் உள்பக்கம்தான் பெரிய ஆச்சரியம். டைப் 99-இன் குழலுக்குள் குரோமியப் பூச்சு உண்டு. போரின் கடைசிக் காலத்தில்தான் அதைக் கைவிட்டார்கள். வெளியே அத்தனை துருவிலும் உள்ளே துடைத்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது.

சுடும்போது? உலோக அடித்தகடு தோளில் நன்றாகவே இடிக்கும். முப்பது தோட்டாவுக்கு மேல் ஒரே நாளில் நான் சுடுவதில்லை. பின்பக்கக் குறித்தகட்டை மடக்கிய நிலையில் அதன் குறித்துளை 300 மீட்டருக்கு அமைத்தது, அதனால் 100 கஜத்தில் குறியைவிட மேலேதான் அடிக்கும். துப்பாக்கி கோணலாகிவிட்டதோ என்று முதல் மாதம் முழுக்கக் கவலைப்பட்டேன். கீழே குறி வைத்தால் ஐந்து தோட்டாவும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. போல்ட்டின் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் குமிழை உள்ளங்கையால் அமுக்கித் திருப்ப வேண்டும். பழகச் சிரமம், ஆனால் குளிரில் கையுறையோடும் வேலை செய்கிறது. அதே குமிழை அமுக்கித் திருப்பித்தான், கருவியே இல்லாமல், கழற்றிய போல்ட்டை அக்குவேறாகப் பிரிக்கலாம். நான் கழற்றிய பழைய ரைஃபிள்களில் இவ்வளவு எளிய போல்ட் வேறில்லை.

ரிசீவரின் மேல் பதினாறு இதழ் சாமந்திப் பூ இருக்கும், அது பேரரசரின் சின்னம். சரணடைந்தபோது ஒப்படைத்த துப்பாக்கிகளில் அதைத் தேய்த்து அழித்தார்கள். என்னுடையதில் இதழ்களுக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடுகள். மறுபடி பொறித்துக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னார், எனக்கும் ஆசை இருந்தது. அந்தச் சமயம் மாமியார் வந்திருந்தார். மலேசியாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. மேசைமேல் கிடந்ததைப் பார்த்து, "இது அவங்க துப்பாக்கியா மாப்பிள்ளை?" என்றார். ஆமாம் என்றேன். அந்த வெட்டுக்கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஹால்ல மட்டும் மாட்டாதீங்க" என்றார். சுவரில் மாட்ட நான் வாங்கி வைத்திருந்த கொக்கிகளை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். பூவை அப்படியே விட்டுவிட்டேன். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அதை மாற்றியிருக்கலாம் என்று தோன்றவில்லை.

காணாமல்போன சாமான்களில் துடைப்புக் கம்பிக்கு மட்டும் புதிய நகல் வாங்கிப் போட்டேன், அது பொருந்தியது. போல்ட்டை மூடும் தூசித் தகட்டின் நகலும் வாங்கினேன். ஒவ்வொரு முறை போல்ட் இழுக்கும்போதும் தகர டப்பா மாதிரி கடகடத்தது, கழற்றிவிட்டேன். கம்பியைப் பிடிக்கும் முன் வளையத்துக்குப் பின்னால், சுடும்போது தாங்கும் கம்பிக் கால் இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அசல் கிடைத்தால் பார்க்கலாம்.

பெட்டகத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: இணைப்பு தோல் பசையால் 2019-ல் ஒட்டியது, துடைப்புக் கம்பி நகல், இடது முன்கட்டையில் ஒரு சாண் தேய்த்தது நான். எனக்கப்புறம் இதை வாங்குபவர் அந்த வெளிறிய இடத்தை 1940-களின் தழும்பு என்று நினைத்துவிடக் கூடாது.