தொடையில் இரத்தக்கட்டு: நீவுவதா, மடக்கிக் கட்டுவதா?

சிங்கப்பூரின் ஈசூனில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த என் அண்ணன் மகனின் வலது தொடையில், வெளிப்பக்கமாக, எதிரணி ஆட்டக்காரரின் முழங்கால் பலமாக மோதியது. வீட்டுக்கு வந்தபோது அவனால் காலைப் பாதிக்கு மேல் மடக்க முடியவில்லை. "நல்லா நீவி விட்டாத்தான் ரத்தக்கட்டு கலையும், தம்பி" என்று கோடாலித் தைலத்துடன் வந்த அத்தையை நான் தடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய அக்கறையில் குறையில்லை. ஆனால் முதல் மூன்று நாட்களுக்கு அது தவறான வழி.

அடிபட்ட தசையின் பெயர் வாஸ்டஸ் லேட்டராலிஸ். முழங்காலை நீட்டும் நான்கு தசைகளில் மிகப் பெரியதான இது, தொடையெலும்பின் மேல் வெளிமுனையிலிருந்து அதன் பின்விளிம்பு நெடுகப் பற்றிக்கொண்டு இறங்கி, முழங்காற்சில்லில் சேரும் தசைநாணில் முடிகிறது. கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுவதும் இதில்தான். எலும்பை ஒட்டியே இருப்பதால், அடி விழும்போது எலும்புக்கும் மோதிய பொருளுக்கும் நடுவில் நசுங்கி, நார்கள் கிழிந்து, உள்ளே இரத்தம் கசிகிறது.

அந்தக் கசிவு அடங்குவதற்குள் அழுத்தி நீவினாலோ, சுடுநீர் ஒத்தடம் கொடுத்தாலோ இரத்தப்போக்கு கூடுகிறது. தைலத்தின் குளிர்ச்சி தோலின் நரம்புகளை ஏமாற்றி வலியை மறக்கச் செய்யுமே தவிர, ஆழத்தில் தேங்கிய இரத்தத்தைக் கரைக்காது. பெரிய காயங்களில், சில வாரங்களுக்குப் பிறகு தசைக்குள்ளேயே எலும்பு உருவாகிக் கல்போலத் தட்டுப்படுவதும் உண்டு; அதன் பிறகு முழங்காலை முழுதாக மடக்கவே மாதக்கணக்கில் ஆகலாம்.

மாற்று வழி, வலி தாங்கும் அளவுக்கு முழங்காலை 120 பாகை வரை மடக்கி, கிரேப் பேண்டேஜால் அப்படியே கட்டி, ஐஸ் ஒத்தடத்துடன் முதல் 24 மணி நேரம் வைத்திருப்பது. இழுபட்ட தசை தன்னைச் சுற்றியுள்ள உறைக்குள் இறுகுவதால் கசிவு குறைகிறது. மடங்கும் திறனும் பறிபோவதில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் முன்பு காலை நீட்டி வைத்தே ஓய்வு கொடுத்தார்கள்; மடக்கி வைக்கும் முறைக்கு மாறிய பிறகு, 1991இல் வெளியான அவர்களது ஆய்வில், குணமாகச் சராசரியாக லேசான காயத்துக்கு 13 நாள், நடுத்தரமானதற்கு 19, கடுமையானதற்கு 21 நாள் ஆயின. இரவெல்லாம் குதிகால் பிட்டத்தருகே இருக்கப் படுப்பது பெரும் தொல்லைதான், மறுக்கவில்லை. வலி மேலும் மேலும் ஏறினாலோ, தொடை பாறைபோல் இறுகிப் பாதம் மரத்தாலோ கட்டை அவிழ்த்துவிட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். உள்ளழுத்தம் தசையையே சாகடிக்கக்கூடிய நிலை அது.

பின்வரும் வாரங்களில் ஃபோம் ரோலரா (தசையை அழுத்தி உருட்டும் நுரை உருளை), வலுவூட்டும் பயிற்சியா என்ற கேள்விக்கு அதிக விவாதம் தேவையில்லை. ரோலர் சிறிது நேரத்துக்கு இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவே. இழந்த வலுவைத் திருப்பித் தருவது காலை நேராகத் தூக்குவது, அரைக் குந்தல், பிறகு படியிலிருந்து மெதுவாக இறங்குவது ஆகியவையே. மின்தூக்கியை விட்டுவிட்டு எங்கள் புளோக்கின் படிக்கட்டில், முதலில் ஒரு மாடி, பிறகு மூன்று என்று அவன் இறங்கிப் பழகினான். குப்புறப் படுத்து மடக்கியபோது இரண்டு குதிகால்களும் ஒரே அளவுக்குப் பிட்டத்தை நெருங்கிய பிறகுதான் இயன்முறை மருத்துவர் அவனை ஓட அனுமதித்தார். அது 17ஆம் நாள்.